கொசுவுக்கு என்ன ஆகிறது?



மலேரியாவைப் பற்றிப் பேச வருகிறவர்கள் மனிதனைப் பற்றித்தான் பேசுவார்கள். குளிர், நடுக்கம், காய்ச்சல், வியர்வை, வீங்கிய மண்ணீரல் என்று வரிசையாகச் சொல்வார்கள். அது நியாயமும்கூட. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் சுமார் 26 கோடியே 30 லட்சம் பேருக்கு மலேரியா வந்தது. ஏறத்தாழ 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் சின்னக் குழந்தைகள்.

ஆனால் இந்த ஒட்டுண்ணி உயிர்வாழ நம் உடல் மட்டும் போதாது. பெண் அனோபிலிஸ் கொசுவின் உடலும் வேண்டும். அது ஆணும் பெண்ணுமாகக் கூடுவதும், கருவாவதும், ஆயிரக்கணக்கில் பெருகுவதும் அங்கேதான். இவ்வளவும் தன் வயிற்றில் நடக்கும்போது அந்தக் கொசுவுக்கு என்ன ஆகிறது? அதற்கும் உடம்புக்கு முடியாமல் போகுமா? அதன் பசி கூடுமா, குறையுமா? முட்டை குறையுமா? ஆயுள் குறையுமா? கேட்டால் சிரிப்பு வரும் கேள்விகள். ஆனால் இவற்றை வைத்து விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

கொசுவின் வயிற்றை முதலில் சரியாகத் திறந்து பார்த்தவர் ரொனால்டு ராஸ். அவர் ராணுவ மருத்துவர். 1897 ஏப்ரலில் ஊட்டிக்குப் போனவர், கீழே சீகூர்ப் பகுதியில் மலேரியாவைத் தேடித் திரிந்து, தேடியதைத் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்டார். கொசுவலைக்குள் படுத்தும் அது அவரை விடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளி ஒருவரைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் கரும்புள்ளிகள் கொண்ட உருண்டைகளைக் கண்டார். கடிபட்ட நோயாளிக்குக் கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை வைத்து மீதிப் பயணத்தையும் கண்டுபிடித்தார். மனித மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ்தான் என்பதை இத்தாலியில் கிராஸியும் அவர் கூட்டாளிகளும் நிறுவினார்கள். யாருக்குப் பெருமை என்று ராஸும் கிராஸியும் அடித்துக்கொண்டது தனிக்கதை. அதற்குள் போனால் இன்றைய மாலை போதாது.

நாம் கொசுவுக்குள் போவோம்.

நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியின் பெரும்பகுதி சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டிருக்கும். மிகச் சில மட்டும் ஆண், பெண் வடிவங்களாக மாறி, எதுவும் செய்யாமல் காத்திருக்கும். கொசு கடித்தால் அவற்றுக்கு வாழ்வு. கடிக்காவிட்டால் சில நாளில் அழிந்துபோகும். கொசுவின் வயிற்றுக்குப் போனதும் இரண்டு அறிகுறிகளால் அவை விழித்துக்கொள்கின்றன. ஒன்று, நம் உடல் சூட்டிலிருந்து வெப்பநிலை சட்டென்று இறங்குவது. மற்றொன்று, கொசுவின் உடலில் உருவாகும் சாந்துரெனிக் அமிலம். கொசு தன் தேவைக்காக உண்டாக்கும் பொருளையே ஒட்டுண்ணி தனக்குரிய சமிக்ஞையாக எடுத்துக்கொள்கிறது. கால் மணி நேரத்துக்குள் ஒவ்வோர் ஆண் வடிவமும் வாலடிக்கும் எட்டு விந்தணுக்களாகப் பிரியும். கருவான முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் புழுப்போல் நீண்டு, குடல் சுவரைத் துளைத்து மறுபுறம் போகிறது.

கொசுவுக்கு முதல் அடி விழுவது இங்கே. துளைக்கப்பட்ட குடல் செல்கள் செத்து உதிர்வதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். கொசுவும் சும்மா இருப்பதில்லை. அதன் உடல்திரவத்தில் ஓடும் டெப்-1 என்ற புரதம் வந்தவற்றின் மேல் படிந்து கொல்கிறது. ஒட்டுண்ணியின் மொத்த வாழ்க்கையில் இதைவிடக் குறுகிய வாசல் கிடையாது. இரத்தத்தோடு நூற்றுக்கணக்கில் உள்ளே போனவற்றில் குடலைக் கடந்து பிழைப்பவை, வெளியில் பிடித்த கொசுக்களில் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பல கொசுக்களில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை.

பிழைத்த ஒன்று குடலின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு கொப்புளமாக வளர்கிறது. ராஸ் கண்ட உருண்டை அதுதான். ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குப் பெருத்து, உள்ளே ஆயிரக்கணக்கான ஊசி வடிவ ஸ்போரோசோயிட்டுகளை உண்டாக்கி, ஒருநாள் வெடிக்கும். அவை உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய்ச் சேர்ந்த பிறகே கொசுவின் கடி ஆபத்தானதாகிறது. நம்மூர் போன்ற வெப்பத்தில் இதற்கு 10 முதல் 14 நாள் ஆகும். குளிர்ந்த இடத்தில் இன்னும் கூடும். 18 பாகைக்குக் கீழே, மனித மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரம் வளர்ச்சியை முடிப்பதே இல்லை.

இந்த 10, 12 நாள் என்ற கணக்கில்தான் மலேரியாவின் முழு ரகசியமும் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு கொசுக்களில் பத்து சாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 நாள் கழித்து 28 மிஞ்சும். ஒரு நாளைக்கு இருபது செத்தால், 12 நாள் கழித்து மிஞ்சுவது 7. சாவு இரண்டு மடங்கானால் ஆபத்தான கொசு நான்கில் ஒன்றாகிறது. 1950-களில் ஜார்ஜ் மக்டொனால்டு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். வீட்டுச் சுவர்களில் மருந்தடிக்கும் திட்டங்களுக்கு அறிவியல் நியாயம் தந்தது அந்தக் கணக்கு. கொசுவை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. கிழவியாக விடாமல் தடுத்தால் போதும்.

இப்போது ஒட்டுண்ணியின் பக்கம் நின்று யோசியுங்கள். கொசுவுக்கு மிகவும் ஆபத்தான வேலை இரத்தம் குடிப்பது. யாராவது பட்டென்று அடித்துவிடலாம். ஸ்போரோசோயிட் முதிராத நாட்களில் கொசு கடித்துக் கொல்லப்பட்டால் ஒட்டுண்ணிக்கும் அதோடு முடிந்தது. அதற்கு ஆதாயம் எதுவுமில்லை. முதிர்ந்த பிறகோ கொசு எத்தனை பேரைக் கடிக்கிறதோ அத்தனைக்கு அத்தனை லாபம். ஆக, முதல் பத்து நாள் சோம்பேறியாகவும் பிறகு அடங்காப் பசியோடும் திரியும் கொசுதான் ஒட்டுண்ணிக்கு ஏற்றது. ஒட்டுண்ணி கொசுவை அப்படி ஆட்டிவைக்கிறதா?

ஆட்டிவைக்கிறது என்று சொல்லும் சான்றுகளை முதலில் வைக்கிறேன்.

கொசு தோலில் குத்தியதும் அதற்கு எதிராக வேலை செய்பவை நம் பிளேட்லெட்டுகள். டெங்கு புண்ணியத்தில் இந்தச் சொல் இன்று தெருக்கோடி வரை தெரியும். அவை ஒன்றுசேர்ந்து இரத்தத்தை உறையவைக்கும். உறையாமல் தடுக்கக் கொசு தன் எச்சிலில் அப்பிரேஸ் என்ற நொதியைக் கலந்து விடுகிறது. 1984-இல் ரோசின்யோல், ரிபைரோ, ஸ்பீல்மன் ஆகியோர் பறவை மலேரியா தொற்றிய ஏடிஸ் கொசுக்களைச் சோதித்தார்கள். சுரப்பிக்குள் ஸ்போரோசோயிட் புகுந்த கொசுக்களின் எச்சிலில் அப்பிரேஸின் செயல் வெகுவாகக் குறைந்திருந்தது. இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது வழுக்கை வந்து அடைத்தால், எடுத்து வேறு இடத்தில் குத்துகிறோம் அல்லவா? அந்தக் கொசுவும் அதைத்தான் செய்தது. இரத்தம் சரளமாக வராமல் குத்திக் குத்தித் தேடியது. ஒவ்வொரு குத்துக்கும் எச்சில் விழும். எச்சிலோடு ஒட்டுண்ணியும் விழும்.

அது ஆய்வகம். வெளியே? தான்சானியாவில் யாக்கோப் கோயெல்லாவும் உடனிருந்தவர்களும், பிடித்த கொசுக்களின் வயிற்றிலிருந்த இரத்தத்தை மரபணுச் சோதனை செய்து, அது ஒருவருடையதா, பலருடையதா என்று பார்த்தார்கள். 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்றில்லாத கொசுக்களில் நூற்றுக்கு 10 மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் இரத்தத்தை வைத்திருந்தன. ஸ்போரோசோயிட் உள்ளவற்றில் நூற்றுக்கு 22. அடுத்த ஆண்டே ஆண்டர்சன், கோயெல்லா, ஹில்லரி ஹர்ட் மூவரும், எலி மலேரியா ஏற்றிய ஸ்டெஃபன்சி என்ற அனோபிலிஸ் வகைக் கொசுவை வைத்து இரண்டு கட்டங்களையும் பிரித்துக் காட்டினார்கள். கொப்புளக் கட்டத்தில், தடை வந்தால் கொசு சீக்கிரம் விட்டுவிட்டுப் போனது. ஸ்போரோசோயிட் கட்டத்தில் விடாப்பிடியாக நின்றது. 2013-இல் இன்னொரு சோதனை: நாள் முழுக்கப் போட்டிருந்த நைலான் காலுறைகளைக் கொசுக்கள் முன் வைத்தார்கள். ஃபால்சிபாரம் தொற்றியவை, தொற்றாதவற்றைப்போல் மூன்று மடங்கு அடிக்கடி அந்தக் காலுறையில் வந்து உட்கார்ந்தன. கால் நாற்றத்தையும் அறிவியலுக்குக் கொடையளிக்கலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கதை கச்சிதமாக இருக்கிறது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

முதல் சந்தேகம், சோதித்த ஜோடிகளைப் பற்றியது. கோழிகளுக்கு வரும் மலேரியா ஒட்டுண்ணியை டெங்குக் கொசுவில் ஏற்றுவதும், ஆப்பிரிக்கக் காட்டெலியின் ஒட்டுண்ணியை நம் ஊர் மொட்டைமாடித் தொட்டிக் கொசுவான ஸ்டெஃபன்சியில் ஏற்றுவதும் ஆய்வகத்தின் வசதிக்காக. ஸ்டெஃபன்சி கூண்டில் நன்றாகப் பெருகும். அதனால் உலகமெங்கும் வளர்க்கிறார்கள். இயற்கையில் அந்த ஜோடிகள் சந்தித்துப் பழகியவை அல்ல. பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சான்று உண்டு. ஃபால்சிபாரத்தின் மேல் பிஎஃப்எஸ்-47 என்றொரு புரதம் இருக்கிறது. அது அந்தந்தக் கண்டத்துக் கொசுவின் நோய் எதிர்ப்பை ஏமாற்றும்படி அந்தந்தக் கண்டத்தில் வேறுபட்டு அமைந்திருக்கிறது. பொருந்தாத வடிவத்தோடு உள்ளே போனால் கொசு அதைக் கொன்றுவிடுகிறது. அந்நிய ஜோடியில் நாம் காணும் தொல்லைகளைப் பழகிய ஜோடியின் மேல் அப்படியே ஏற்றிச் சொல்ல முடியாது.

பழகிய ஜோடிகளைச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். பர்கினா பாசோவில், உள்ளூர் மக்களின் இரத்தத்திலிருந்த ஃபால்சிபாரத்தையும் உள்ளூர்க் கொசுக்களையும் சேர்த்துப் பார்த்து 2015-இலும் 2017-இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆளைத் தேடிப் பறப்பதில் மாற்றமில்லை. மனித வாடையா, கன்றுக்குட்டி வாடையா என்று தேர்ந்தெடுப்பதிலும் மாற்றமில்லை.

இரண்டாவது சந்தேகம் தான்சானியக் கணக்கைப் பற்றியது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்போரோசோயிட் உள்ள கொசு என்றாலே அது வயதான கொசு. தவிர, இயல்பிலேயே பலரைக் கடிக்கும் கொசுவுக்குத்தானே தொற்று வர வாய்ப்பு அதிகம்? தொற்றியதால் அதிகம் கடித்ததா, அதிகம் கடித்ததால் தொற்றியதா என்பதை, வெளியில் பிடித்த கொசுவை வைத்து மட்டும் பிரிப்பது கடினம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் லாரன் கேட்டரும் குழுவினரும் 2013-இல் ஒரு குறும்பு செய்தார்கள். மலேரியா ஒட்டுண்ணியே இல்லாத ஸ்டெஃபன்சி கொசுக்களுக்குள், சூடாக்கிக் கொன்ற ஈ.கோலை பாக்டீரியாவைச் செலுத்தினார்கள். செத்த பாக்டீரியா யாரை ஆட்டிவைக்கும்? ஆனால் கொசுக்களின் உணவுப் பழக்கம் மலேரியா தொற்றியவற்றைப் போலவே மாறியது. அப்படியென்றால் அந்த மாற்றம் ஒட்டுண்ணியின் கட்டளையாக இருக்க வேண்டியதில்லை. எதிரி வந்துவிட்டான் என்று கொசுவின் உடல் தன் வழியில் எதிர்வினை செய்கிறது. காய்ச்சல் வந்தால் நமக்குச் சோறு பிடிக்காமல் போவதும், தேறும்போது பசி எடுப்பதும் எந்தக் கிருமியின் உத்தரவாலும் அல்லவே.

ஒட்டுண்ணிக்கு எது லாபம் என்று சற்று முன் நாம் போட்ட கணக்கும் ஆட்டம் காண்கிறது. கொப்புளக் கட்டத்தில் கொசு கடிக்காமல் இருப்பதே ஒட்டுண்ணிக்கு நல்லது என்றோம். ஹார்வர்டில் ஃபிளாமினியா காட்டெருச்சியாவின் ஆய்வகம் 2020-இல் வெளியிட்ட முடிவு வேறு சொல்கிறது. தொற்றிய சில நாளில் கொசுவுக்கு இன்னொரு முறை இரத்தம் கொடுத்தால் கொப்புளங்கள் வேகமாகப் பெருக்கின்றன. ஸ்போரோசோயிட்டுகள் முன்னதாகவே சுரப்பிக்குப் போய்ச் சேர்கின்றன. 12 நாள் என்ற வாசலை முன்கூட்டியே திறக்க முடிகிறது. கொசுவின் சோம்பல் ஒட்டுண்ணிக்கு நட்டமாகவும் இருக்கலாம். வீட்டுக் கொசுக்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரத்தம் குடிப்பவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆய்வகத்தில் ஒரே ஒரு வேளை இரத்தம் கொடுத்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரில் வைத்து எண்ணிய நாட்கணக்கை வெளியுலகம் மதிக்காது.

முட்டைகளின் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ஹில்லரி ஹர்ட் பல ஆண்டுகள் உழைத்து, எலி மலேரியா தொற்றிய கொசுவின் சூலகத்தில் வளரத் தொடங்கிய முட்டைகளில் ஒரு பகுதி நின்றுபோய், உடலாலேயே திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று காட்டினார். முட்டையைக் குறைத்து மிச்சப்படுத்திய சத்தில் கொசு அதிக நாள் வாழும், அது ஒட்டுண்ணிக்கு லாபம் என்பது அதிலிருந்து எழுந்த வாதம். ஆனால் மனித ஃபால்சிபாரத்தையும் அதன் இயற்கைத் துணையான ஆப்பிரிக்க காம்பியே கொசுவையும் வைத்து ஹார்வர்டு ஆய்வகம் 2019-இல் பார்த்தபோது, அந்தப் போட்டியே தென்படவில்லை. அதிக முட்டை வளர்த்த கொசுவில் ஒட்டுண்ணியும் அதிகம் இருந்தது. நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்த இவ்விரண்டும் ஒன்றின் பங்கை மற்றது பறிக்காத ஏற்பாட்டுக்கு வந்திருக்கின்றன.

சாவு? ஹெதர் ஃபெர்குசனும் ஆண்ட்ரூ ரீடும் 2002-இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். தொற்றால் கொசு சீக்கிரம் சாகிறது என்று காட்டியவை பெரும்பாலும் அந்நிய ஜோடிகள். பழகிய ஜோடிகளில் அந்தச் சாவு அவ்வளவாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று: தான்சானியாவில் நடந்த வேறொரு ஆய்வில், ஸ்போரோசோயிட் ஏந்திய கொசுக்கள் கடிக்க முயலும் இரவில் அதிகம் சாவது தெரிந்தது. பலமுறை குத்தினால் பலமுறை அடி விழும். நோயின் நேரடிச் சேதத்தைவிட நம் கையின் சேதம் பெரிதாக இருக்கக்கூடும்.

இவ்வளவையும் படித்த பின் என் தீர்ப்பு இது. ஒட்டுண்ணி கொசுவின் மூளையில் உட்கார்ந்து கடிவாளம் பிடிக்கிறது என்பது பத்திரிகைத் தலைப்புக்கு ஏற்ற கதை. இன்றுள்ள சான்று அந்தச் சுமையைத் தாங்காது. எச்சிலின் அப்பிரேஸ் குறைவது போன்ற நேரடிச் சேதங்கள் சில ஜோடிகளில் உண்மை. மற்றவற்றில் பாதி, நோய்வாய்ப்பட்ட பூச்சியின் இயல்பான எதிர்வினை. அதில் ஒட்டுண்ணிக்கு ஆதாயம் கிடைக்கிறது என்பதற்காக அதுவே திட்டமிட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. மாணவர்கள் யாராவது என்னோடு சண்டைக்கு வந்தால் மகிழ்வேன்.

ஆட்டிவைத்தல் ஓரளவு உறுதியாகத் தெரியும் இடம் கொசுவில் இல்லை, நம்மிடம் இருக்கிறது. மேற்குக் கென்யாவில் நடந்து 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், மும்மூன்று குழந்தைகளாகத் தனித்தனிக் கூடாரங்களில் படுக்கவைத்தார்கள். ஒரு குழந்தைக்குத் தொற்றில்லை. ஒன்றுக்குத் தொற்று உண்டு, ஆனால் கொசுவுக்குப் பரவும் வடிவங்கள் இல்லை. மூன்றாவது குழந்தையின் இரத்தத்தில் அந்த ஆண், பெண் வடிவங்கள் இருந்தன. நடுவே விட்ட கொசுக்களை மூன்றாவது குழந்தை மற்றவர்களைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஈர்த்தது. சிகிச்சை கொடுத்துக் குணமான பின் அதே குழந்தைகளிடம் வித்தியாசமே இல்லை. பிற்காலத்து ஆய்வுகள், ஒட்டுண்ணி வெளியிடும் ஒரு வேதிப்பொருள் சிவப்பணுக்களைத் தூண்டிக் கொசுவைக் கவரும் வாயுக்களை அதிகம் வெளிவிடச் செய்வதாகக் காட்டின.

இந்தப் படிப்பெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். அந்நிய ஜோடி என்று சொன்னேனே, அது இப்போது ஆய்வகத்துக்கு வெளியே வந்துவிட்டது. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகும் ஸ்டெஃபன்சி 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. பிறகு எத்தியோப்பியாவுக்குப் போனது. 2022-இல் அங்கே டிரே தாவா நகரில் வறண்ட பருவத்திலேயே வந்த மலேரியாவுக்கு இந்தக் கொசுவே காரணம் என்று தெரிந்தது. 2016-இல் மலேரியா ஒழிந்த நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையில், சற்றுப் பின் மன்னாரிலும் அதைக் கண்டார்கள். ஆப்பிரிக்க ஒட்டுண்ணியோடு அது எப்படிப் பழகும், எவ்வளவு நாள் வாழும், எத்தனை பேரைக் கடிக்கும் என்பவை வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஃபால்சிபாரம் மலேரியாவுக்கு நம் நாட்டில் தரும் மருந்துகளோடு இரண்டாம் நாள் ஒரே ஒரு வேளை பிரைமாகுயின் சேர்த்துத் தருவார்கள். அதற்குள் நோயாளிக்குக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருக்கலாம். அந்த வேளை மருந்து, கொசுவுக்காகக் காத்திருக்கும் ஆண், பெண் வடிவங்களைக் கொல்வதற்கு. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியாவுக்கோ அதே மருந்தை 14 நாள் சாப்பிட வேண்டும். ஈரலில் ஒளிந்திருப்பவை மீண்டும் கிளம்பாமலிருக்க அது தேவை. கர்ப்பிணிகளுக்கும், ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உள்ளவர்களுக்கும் இது ஆகாது. மருத்துவர் பார்த்துத்தான் தருவார். மற்றவர்கள், காய்ச்சல் நின்றுவிட்டது என்று நான்காம் நாளே மாத்திரையை நிறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போனதும் மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஏறிப் பாருங்கள்.